திரைக் காப்பியங்களில் சேர்ந்திசையும் பல்லியமும்

1959ஆம் ஆண்டில் வெளிவந்த 'பென்-ஹர்' என்னும் ஆங்கிலப் படத்தில் இயேசுநாதர் ஒரு பாத்திரமாக வருகிறார். ஆனால் படம் முடியும்வரை அவருடைய முகத்தை நாம் காண்பதில்லை. அவர் பேசும் ஒரு சொல்லையும் கேட்பதில்லை. சங்கிலியால் பிணிக்கப்பட்டுப் பாலை வெயிலில் இழுத்துச் செல்லப்படும் கதாநாயகன், நாசரேத்து என்னும் ஊரில் தாகத்தால் துவண்டு விழுகிறான். ஒரு கை அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. தடுக்க வந்த ரோமானியப் படைவீரன் கொடுத்தவரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிறான். பார்த்தவன் வாயடைத்துத் திரும்புகிறான். நமக்குத் தெரிவதோ கொடுத்தவரின் முதுகும் கையும் மட்டுமே. அப்படியிருந்தும், அரங்கில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்குக்கூட வந்தவர் இன்னார் என்பது விளங்கிவிடுகிறது. எதனால்? இசையினால். தேவாலயங்களில் ஒலிக்கும் ஆர்கன் என்ற பெரிய வாத்தியமும், வில்லால் இழைக்கும் தந்திக் கருவிகளும் சேர்ந்து மெல்ல எழுப்பும் ஒரு சிறு மெட்டு, அந்த முகத்தின் இடத்தில் நிற்கிறது.

மாணவ நண்பர்களே, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: சமயக் காப்பியங்களைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள், கண்ணுக்குக் காட்ட முடியாததைக் காதுக்குக் காட்டுவதற்காகப் பல குரல்களையும் பல கருவிகளையும் எவ்வாறு பயன்படுத்தினார்கள் என்பது. பலர் கூடிப் பாடுவதை வானொலியில் 'சேர்ந்திசை' என்று குறிப்பிடுகிறோம். பல கருவிகள் கூடி முழங்குவதற்குப் 'பல்லியம்' என்ற சொல் சங்க காலத்திலிருந்தே நம் மொழியில் இருக்கிறது. இயம் என்றால் வாத்தியம். பல இயம் சேர்ந்தது பல்லியம். ஆகவே பெயர் நமக்குப் புதியதன்று. முறையில்தான் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டை முதலில் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

உங்களில் மூவர் ஒன்றாக நில்லுங்கள். ஒருவர் ஷட்ஜத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், மற்றொருவர் அந்தர காந்தாரத்தை, மூன்றாமவர் பஞ்சமத்தை. மூவரும் ஒரே நேரத்தில், குரலை அசைக்காமல் நீட்டுங்கள். அப்பொழுது பிறக்கும் ஒலி, மூன்றில் எதுவுமாக இல்லாமல் நான்காவது ஒன்றாக இருப்பதை உணர்வீர்கள். மேற்கத்திய இசையின் அடிப்படை இந்தச் சுரக்கூட்டுத்தான். நம் இசையிலும் ச, க, ப உண்டு. ஆனால் அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். நம் இசை நாரில் தொடுத்த மாலை. அவர்களுடைய இசை சேர்த்துக் கட்டிய செண்டு. மாலையில் பூவுக்குப் பூ செல்லும் நாரின் ஓட்டம் அழகு. செண்டிலோ எல்லாப் பூவும் ஒருசேர முகம் காட்டுவது அழகு. இரண்டும் பூவேலைதான்.

இந்தச் செண்டு கட்டும் வேலைக்காக அவர்கள் பாடகர்களை நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள். பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல். ஆண்களில் மேல்குரல், கீழ்க்குரல். நான்கு வகுப்பாருக்கும் சொல் ஒன்று, சுரம் வேறு. தமிழ்நாட்டுத் தேவாலயங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டின்போது இத்தகைய நான்கு குரல் பாட்டை இன்றும் கேட்கலாம். கருவிகளையும் அதுபோலவே நான்கு குடும்பங்களாக வகுத்திருக்கிறார்கள்: வில்லால் இழைக்கும் தந்திக் கருவிகள், மரத் துளைக்கருவிகள், பித்தளைக் கொம்பு வகைகள், தட்டி ஒலிக்கும் தாளக் கருவிகள். துளைக்கருவிகளில் ஓபோ என்று ஒன்று உண்டு. இரட்டைச் சீவாளி வைத்து ஊதப்படும் அது, நம் நாகசுரத்துக்குத் தூரத்து உறவு. இவ்வளவு பேரும் தத்தமக்கு எழுதிவைத்த ஏட்டைப் பார்த்து வாசிக்க, ஒருவர் கையசைத்து நடத்துவார். எழுதியதற்கு மேல் ஒரு சுரமும் எவரும் கூட்டுவதில்லை.

இனிப் படங்களுக்கு வருவோம். 1949இல் 'சாம்சன் அண்ட் டெலைலா', 1951இல் 'குவோ வாடிஸ்', 1953இல் 'தி ரோப்', 1956இல் 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்', 1959இல் 'பென்-ஹர்', 1961இல் 'கிங் ஆப் கிங்ஸ்', 1965இல் 'தி கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்டு' என்று விவிலியக் கதைகளையும் அவற்றை ஒட்டிய கதைகளையும் சொல்லும் பெரும்படங்கள் ஹாலிவுட்டிலிருந்து வரிசையாக வெளிவந்தன. அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி நுழைந்துவிட்ட காலம் அது. வீட்டிலிருக்கும் சிறு பெட்டியால் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுத்தாலொழிய மக்கள் அரங்குக்கு வரமாட்டார்கள் என்று படமுதலாளிகள் கண்டார்கள். ஆகவே திரை அகன்றது. அகன்ற 'சினிமாஸ்கோப்' திரைக்கென வெளிவந்த முதற்படம் 'தி ரோப்'தான். திரை அகன்றபோது ஒலியும் அகன்றது. ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வந்த ஓசை, நான்கு ஒலித்தடங்களாகப் பிரிந்து பல திசைகளிலிருந்தும் வரத் தொடங்கியது. அந்த விரிவை நிரப்ப ஒரு பிடிலும் ஒரு குரலும் போதுமா? பெருங்குழு வேண்டியிருந்தது.

ஆனால் வசதிக்காக மட்டும் அவர்கள் சேர்ந்திசையை நாடவில்லை. அந்தக் கதைகளில் கூட்டமே ஒரு பாத்திரம். எகிப்திலிருந்து புறப்படும் அடிமை மக்கள், ரோமாபுரியின் அரங்கில் சிங்கங்களுக்கு முன் நிற்கும் அடியார்கள், சிலுவை சுமந்து போகிறவரைப் பார்த்து நிற்கும் தெருமக்கள் ஆகிய எவருக்கும் தனிப்பெயர் கிடையாது. பெயரில்லாத பலரின் உள்ளத்தை ஒரு தனிக்குரல் பாடிவிட முடியாது. அதற்குச் சேர்ந்திசைதான் மொழி.

இந்தப் படங்களுக்கு இசையமைத்தவர்களுள் முதன்மையாக நினைக்கத்தக்கவர் மிக்லோஷ் ரோஜா. 1907இல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். 'குவோ வாடிஸ்', 'பென்-ஹர்', 'கிங் ஆப் கிங்ஸ்' மூன்றுக்கும் இசை அவருடையதே. 'பென்-ஹர்' இசைக்காக ஆஸ்கார் விருதும் பெற்றார். நீரோ மன்னன் காலத்துக் கதையான 'குவோ வாடிஸ்' படத்தை எடுத்துக்கொண்டபோது அவர் முன் ஒரு கேள்வி எழுந்தது. அன்றைய ரோமானியர்கள் எப்படிப் பாடினார்கள்? அவர்களுடைய சிற்பத்தில் கொம்பும் குழலும் இருக்கின்றன; மெட்டு எங்கே இருக்கிறது? ஆகவே ரோமானியர் பின்பற்றிய கிரேக்க இசையை அவர் தேடிச் சென்றார். இன்றைய துருக்கி நாட்டில் கிடைத்த ஒரு கல்லறைத் தூணில், செய்கிலோஸ் என்பவர் பொறித்துவைத்த ஒரு சிறு பாடல் சுரக்குறிப்போடு முழுமையாக இருக்கிறது. ஏறத்தாழ 1,900 ஆண்டுப் பழைமை உடையது அது. நம் குடுமியான்மலையில் பாறையில் சுரங்களைப் பொறித்துவைத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள், அதுபோன்றதொரு செல்வம். அந்த மெட்டை எடுத்து, நீரோ பாடும் பாட்டுக்கு ரோஜா பயன்படுத்தினார்.

ரோமானியப் படை நடந்து வரும்போது அவர் கையாண்ட உத்தியையும் சொல்ல வேண்டும். முன்பு நாம் செய்த சோதனையில் ச, க, ப என்று மூன்று சுரங்கள் இருந்தன. இவற்றில் கனிவைத் தருவது நடுவிலுள்ள காந்தாரம். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஷட்ஜமும் பஞ்சமமும். ரோஜா இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ச போகும்போது ப, ரி போகும்போது த என்று இணைபிரியாமல் கொம்புகளில் நடத்தினார். கனிவு போய்க் கல்லும் இரும்பும் போன்ற ஓசை பிறந்தது. நம் காதுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. ஷட்ஜ பஞ்சமம் நமக்குத் தம்புராவின் ஒலி, அமைதியின் ஒலி. அதே இரண்டு சுரங்கள் ஓரிடத்தில் நிலைத்து நின்றால் தவம். அணிவகுத்து நடக்கத் தொடங்கினால் படையெடுப்பு!

'பென்-ஹர்' படத்தில் மூன்று இடங்களை நீங்கள் கூர்ந்து கேட்க வேண்டும். முதலாவது, போர்க்கப்பலில் அடிமைகள் துடுப்பு வலிக்கும் கட்டம். ஒருவன் கொட்டு அடித்துத் தாளம் கொடுக்கிறான். கடற்படைத் தலைவன் அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறான். பல்லியமும் அந்தக் கொட்டைப் பற்றிக்கொண்டு விரைகிறது. நம் கச்சேரியில் காலம் ஒன்று, இரண்டு, நான்கு என்று பெருக்கமாகத் தாவும். இங்கோ வழுக்குப் பாறையில் சறுக்குவதுபோல வேகம் சிறிது சிறிதாக ஏறுகிறது. வலிப்பவர்களின் மூச்சு முட்டுவதை நம் மார்பிலேயே உணர்கிறோம். இரண்டாவது, புகழ்பெற்ற தேர்ப் பந்தயம். பந்தயத்துக்கு முன் கொம்புகள் முழங்கத் தேர்கள் வலம் வருகின்றன. பந்தயம் தொடங்கியதும் இசை அடியோடு நின்றுவிடுகிறது! குதிரைக் குளம்பும் சக்கரமும் கூட்டத்தின் கூச்சலும் தவிர வேறொன்றும் இல்லை. எங்கே வாசிக்கக்கூடாது என்று அறிவதும் இசையறிவுதான். மூன்றாவது, படத்தின் இறுதி. தொழுநோயால் வாடிய தாயும் தங்கையும் நலம் பெறுகிறார்கள். நாசரேத்தில் தண்ணீர் கொடுத்தபோது கேட்ட அதே சிறு மெட்டு இப்பொழுது முழுப் பல்லியத்திலும் சேர்ந்திசையிலும் பொங்கி எழுகிறது. முகம் காட்டாத பாத்திரம் கடைசிவரை முகம் காட்டவில்லை. ஆனால் அதன் மெட்டு வளர்ந்து பெருகிவிட்டது.

மற்ற இருவரைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுகிறேன். 'டென் கமாண்ட்மெண்ட்ஸ்' படத்துக்கு இசையமைத்தபோது எல்மர் பெர்ன்ஸ்டீனுக்கு வயது 34. அடிமை மக்கள் எகிப்தை விட்டுப் புறப்படும் கட்டத்துக்கு, மெதுவாக நகரும் கூட்டத்தைப் பார்த்து அவர் மெதுவான இசையை எழுதினார். இயக்குநர் செசில் டெமில் அதை ஏற்கவில்லை. கூட்டம் மெதுவாகத்தான் நகரும், இசையும் மெதுவாக நகர்ந்தால் காட்சி நின்றுபோகும் என்பது அவர் கருத்து. இசை துள்ளலாக மாறியதும், அதே கூட்டம் உற்சாகத்தோடு விரைவதுபோலத் தோன்றியது. காது சொல்வதைக் கண் நம்பிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

'தி ரோப்' படத்துக்கு இசையமைத்த ஆல்பிரட் நியூமன், சொல்லே இல்லாமல் குரல்களை மட்டும் எழுப்பிப் பாடவைப்பதில் வல்லவர். அவருக்கு 1965ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு வருத்தம் நேர்ந்தது. இறந்த லாசரு உயிர்பெற்று எழும் கட்டத்துக்கு அவர் எழுதியிருந்த இசையை நீக்கிவிட்டு, ஹாண்டல் என்ற மேதை 1741இல் இயற்றிய 'மெசையா'விலிருந்து உலகறிந்த 'அல்லேலூயா' சேர்ந்திசையை இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் பொருத்தினார். ஹாண்டலின் படைப்பு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் எல்லாரும் முன்பே அறிந்த ஒன்று ஒலிக்கும்போது, மனம் கதையை விட்டுக் கச்சேரி மேடைக்குப் போய்விடுகிறது. கடன் வாங்கிய நகை எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், பார்ப்பவர் நகையைத்தான் பார்ப்பர்.

இவ்வளவும் கடல் கடந்த கதை. நம் பக்கத்தில் என்ன நடந்தது?

விவிலியக் கதையைக் காப்பியமாகப் பாடும் முயற்சி நமக்கு அயலானது அன்று. கொள்ளிடத்தின் வடகரையில், லால்குடிக்குக் கிழக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தொண்டாற்றிய வீரமாமுனிவர், சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 'தேம்பாவணி'யை இயற்றினார். 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட அந்த நூல் 1726இல் நிறைவெய்தியது. ஆயினும் தமிழ்த்திரை காப்பியத்தைத் தேடியபோது பெரும்பாலும் பாரதத்தையும் இராமாயணத்தையும் புராணங்களையுமே நாடியது. அவற்றுள், இசையின் அளவிலும் ஆசையிலும் மேற்சொன்ன படங்களோடு ஒப்புநோக்கத் தகுந்தது 1964ஆம் ஆண்டுப் பொங்கலன்று வெளிவந்த 'கர்ணன்'. பி. ஆர். பந்துலு இயக்கிய படம், பாடல்கள் கண்ணதாசன், இசை விசுவநாதன் - ராமமூர்த்தி.

இரட்டையருள் ஒருவரான டி. கே. ராமமூர்த்தி நம் திருச்சிக்காரர். 1922இல் பிறந்தவர். பிடில் உலகில் பெரும்புகழ் பெற்ற மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரர். படத்தில் பாடியவர்களுள் ஒருவரான திருச்சி லோகநாதனும் மலைக்கோட்டைப் பகுதியில் பிறந்தவரே. ஆகவே 'கர்ணன்' படத்தின் ஓசையில் நம் ஊர்க் காற்றும் கலந்திருக்கிறது என்று நாம் பெருமை கொள்ளலாம்.

ரோஜாவுக்கு எழுந்த அதே கேள்வி இவர்களுக்கும் எழுந்திருக்க வேண்டும். அத்தினாபுரம் வடநாட்டில் இருக்கிறது, கேட்பவரோ தமிழர். அந்த அரண்மனை எப்படி ஒலிக்கும்? ஷெனாய், சித்தார் முதலிய வடநாட்டுக் கருவிகளை நிரம்பச் சேர்த்து, இந்துஸ்தானிச் சாயல் படிந்த இராகங்களில் பாடல்களை அமைத்து, அந்தத் தொலைவை உண்டாக்கினார்கள். கல்தூணைத் தேடிப் போக வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. வாழும் மரபே பக்கத்தில் இருந்தது.

கர்ணனின் கொடையை அவையில் புலவர்கள் புகழும் கட்டத்தைக் கவனியுங்கள். சீர்காழி கோவிந்தராஜன், டி. எம். சௌந்தரராஜன், பி. பி. ஸ்ரீனிவாஸ், திருச்சி லோகநாதன் என்று நான்கு ஆண்குரல்கள். மேற்கத்தியர் கையில் இந்த நால்வர் கிடைத்திருந்தால் ஒரே நேரத்தில் நான்கு சுரங்களைப் பாடவைத்திருப்பார். நம்மவர் அப்படிச் செய்யவில்லை. வெண்கலம் போன்ற குரலும் வெல்லம் போன்ற குரலும் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன, இராகம் மாறுகிறது, குரலின் நிறம் மாறுகிறது. கதிரவனைத் துதிக்கும் பாடலிலோ அதே குரல்கள் ஒன்றாக எழுந்து ஒரே மெட்டைப் பாடுகின்றன. பலர் பாடினாலும் சுரம் ஒன்றுதான்.

இது குறைபாடா? சிலர் அப்படி எண்ணுவதுண்டு. அது சரியன்று. இராகம் என்பது சில சுரங்களை ஏற்று, சிலவற்றை விலக்கி, கமகத்தால் அசைத்து உருவாகும் ஓர் உயிர். மோகனத்தில் ஒருவர் காந்தாரத்தை அசைக்கும் வேளையில் மற்றொருவர் மத்திமத்தை நீட்டினால், அந்த உயிர் வாடிவிடும். ஆகவே நம் முன்னோர் கூட்டிசைக்கு வேறு வழி கண்டார்கள். ஒருவர் சொல்லப் பலர் திரும்பச் சொல்லும் பஜனை முறை ஒன்று. ஓதுவார்கள் கூடி ஓதும் திருமுறை மற்றொன்று. லால்குடி சப்தரிஷீசுவரர் கோயில் போன்ற நம் ஆலயங்களில் சுவாமி புறப்படும்போது நாகசுரமும் தவிலும் சங்கும் மணியும் ஒருங்கே எழுப்பும் முழக்கம் பிறிதொன்று. கூட்டத்தின் உள்ளத்தை ஒலியாக்குவது இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நோக்கம். செண்டு கட்டாமலே நாம் மாலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சார்த்துகிறோம்.

கடவுளைக் காட்டும் இடத்தில்தான் இருவகை மரபும் தெளிவாகப் பிரிகின்றன. 'பென்-ஹர்' முகத்தை மறைத்து, குரலை மறைத்து, இசையைப் பேசவிட்டது. மேற்கத்தியப் படங்கள் எல்லாமே அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டே ஆண்டுகளில் வந்த 'கிங் ஆப் கிங்ஸ்' இயேசுவின் முகத்தைத் தாராளமாகக் காட்டியது. எனினும் மறைத்தலும் அவர்களிடம் ஒரு வலிமையான வழக்கம். நாமோ தரிசனத்தைத் தேடிப் போகிறவர்கள். மூலவரைக் காணாமல் திரும்புவது நமக்கு வழிபாடு ஆகாது. ஆகவே 'கர்ணன்' படத்தில் கண்ணன் என். டி. ராமராவின் உருவில் முழுமையாகக் காட்சி தருகிறார். போர்க்களத்தில் கீதையின் சாரத்தை அவர் உபதேசிக்கும்போது, அத்தனை சேனைக்கும் நடுவில் நாம் கேட்பது சீர்காழி கோவிந்தராஜனின் ஒற்றைக் குரல். கூட்டம் பாடும் இடத்தில் பல குரல்; கடவுள் பாடும் இடத்தில் ஒரே குரல். 1978இல் தெலுங்கில் வந்த 'கருணாமயுடு' படத்திலும், இயேசுவாக நடித்த விஜயசந்தர் முகம் காட்டியே நடித்தார். கதை விவிலியக் கதையே ஆயினும் பார்க்கும் கண் இந்தியக் கண் அல்லவா?

மாலையும் செண்டும் ஒருகாலும் சேரமாட்டா என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. அவற்றைச் சேர்க்கும் பாலம் ஒன்று இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கைக்கு வந்துவிட்டது. அதுதான் பிடில். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்தார். மேற்கத்தியர் தாடையில் இடுக்கி நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிக்கும் கருவியை, நாம் தரையில் அமர்ந்து நுனியைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். அப்படி ஊன்றுவதால் இடக்கை விடுதலை பெற்றுத் தந்தியில் மேலும் கீழும் வழுக்கிச் செல்கிறது, கமகம் பிறக்கிறது. கருவி ஒன்று, உட்காரும் முறை மாறியதும் இசையே மாறிவிட்டது!

இந்தக் கருவியில் வாய்ப்பாட்டின் நெளிவு முழுவதையும் கொண்டுவந்தவர் லால்குடி ஜெயராமன். தியாகராஜ சுவாமிகளின் மாணவரான லால்குடி ராமய்யரின் வழியில் 1930இல் தோன்றியவர். அவரும் கூட்டிசையை எண்ணிப் பார்த்திருக்கிறார். 1966இல் புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வேங்கடராமன் இருவருடனும் சேர்ந்து வயலின், வேணு, வீணை மூன்றும் ஒத்த தகுதியோடு நிற்கும் கச்சேரியை அவர் தொடங்கினார். எந்தக் கருவியும் பக்க வாத்தியம் அன்று. எதுவும் தன் இராகத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஒருவர் வாசிக்கையில் மற்ற இருவரும் கேட்டார்கள். மூவரும் வாசிக்கையில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு இடம் விட்டார்கள். நம் முறையில் பல்லியம் கட்ட அதுவும் ஒரு வழி. பிற்காலத்தில் 'சிருங்காரம்' என்ற திரைப்படத்துக்கு இசையமைத்துத் தேசிய விருதும் பெற்றார்.

வேறு வழிகளில் சென்றவர்களும் உண்டு. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் சென்னையில் இளைஞர்களைக் கூட்டிச் சேர்ந்திசைக் குழு அமைத்து, பாரதியார் பாடல்களையும் பல மொழிப் பாடல்களையும் நான்கு குரலாகப் பிரித்துப் பாடவைத்தார். 2005இல் இளையராஜா திருவாசகப் பாடல்களுக்குப் பல்லியமும் சேர்ந்திசையும் அமைத்தபோது, அதை வாசித்தது புடாபெஸ்ட் நகரத்து இசைக்குழு. மிக்லோஷ் ரோஜா பிறந்த அதே ஊர்! மணிவாசகரின் உருக்கத்தை ஹங்கேரி நாட்டுப் பிடில்கள் எடுத்துச் சொன்னதைக் கேட்டால், இந்தப் பேச்சு முழுவதும் நான் பிரித்துக் காட்டிய இரண்டு மரபுகளும் ஒரு மேசையில் அமர்ந்து உண்பதைக் காண்பீர்கள்.

இறுதியாக, கவலை தரும் ஒரு செய்தி. திரைப்படத்துக்காக எழுதப்படும் இசை மிக எளிதில் அழிந்துபோவது. 'பென்-ஹர்' படத்தைத் தயாரித்த எம். ஜி. எம். நிறுவனம், 1960களின் இறுதியில், தன்னிடமிருந்த இசை ஏடுகளைப் பழங்காகிதமாகக் கருதிக் குப்பையோடு கொட்டிவிட்டது. பல்லாண்டு உழைப்பு மண்ணுக்குள் போயிற்று. பின்னர் ரோஜாவின் இசையை முழுமையாக மீண்டும் வாசிக்க விரும்பியவர்கள், எஞ்சிய குறிப்புகளைக் கொண்டும் பழைய பதிவுகளைக் காதால் கேட்டும் ஏடுகளைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. இந்த நூற்றாண்டில் பிராக் நகர இசைக்குழுவும் சேர்ந்திசைக் குழுவும் அவ்வாறு மீட்டெடுத்த 'குவோ வாடிஸ்' இசையை வாசித்துப் பதிவு செய்திருக்கின்றன. நம் 'கர்ணன்' படமும் செப்பனிடப்பட்டு 2012இல் மறுபடி திரைக்கு வந்தபோது, அது முதலில் வந்த காலத்தில் பிறந்திராத இளைஞர்களும் திரண்டு சென்று பார்த்தார்கள். ஆனால் படத்தைச் செப்பனிட்டுவிடலாம். மனிதரைச் செப்பனிட முடியாது. 2013 ஏப்ரல் 14இல் பி. பி. ஸ்ரீனிவாஸ் மறைந்தார், 17இல் டி. கே. ராமமூர்த்தி, 22இல் லால்குடி ஜெயராமன். ஒன்பது நாட்களுக்குள் எத்தனை பெரிய ஏடுகள் மூடப்பட்டுவிட்டன, பாருங்கள்!

ஆகவே மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உங்கள் ஊரில் படக் குழுக்களிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ வாசித்த முதியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் சென்று, எந்தப் பாட்டில் எந்தப் பகுதியை வாசித்தார்கள், எப்படிக் கற்றார்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள். முடிந்தால் அந்தச் சுரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு குறிப்பேடு இருந்திருந்தால் எவ்வளவு இசை தப்பியிருக்கும்! இரண்டாவது, உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்ந்து பாடுங்கள். தனியாகப் பாட நல்ல சாரீரம் வேண்டும். சேர்ந்து பாட நல்ல காது போதும். முதலில் ஒரே சுரத்தில் பாடிப் பழகுங்கள். பிறகு ச, க, ப என்று பிரிந்து பாருங்கள். உங்கள் குரல் பக்கத்திலிருப்பவரின் குரலை மறைத்தால் இசை கெடும். உங்கள் குரலே எழாவிட்டாலும் இசை கெடும். அந்த அளவை அறிந்துகொள்பவர்கள், பாட்டில் மட்டுமன்றி, நாலு பேரோடு கூடி வாழ்வதிலும் தேர்ச்சி பெற்றவர்கள் ஆவார்கள்.